நிறம் பார்த்துச் சூடு சொன்னவர்

டாக்டர் ஐயா தேநீர் குடிக்கிற அழகைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆவி அடங்க வேண்டும், பாலாடை படிய வேண்டும், அதன் பிறகுதான் கை கோப்பைக்குப் போகும். நமுனுகுல மலையின் குளிரில் நாங்கள் எல்லோரும் சூடான கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்துக் குடிப்போம். இவர் மட்டும் ஆறிப்போன கழுநீரைக் குடிப்பார். "ஐயா, இதுக்குப் பச்சைத் தண்ணியே குடிச்சிரலாமே" என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரிப்பார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அக்கரையில், தமிழ்நாட்டில் இருக்கிற அவருடைய சொந்தக்காரர்களுக்கு இன்றைக்கும் பெண் கொடுக்க யோசிப்பார்கள். டாக்டர் ஐயா என்று தோட்டத்து ஆட்கள் கூப்பிட்டார்களே தவிர, அவர் டாக்டரும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கிற டிஸ்பென்சர். நான் அங்கே மருத்துவச்சி. பதுளைப் பட்டணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பட்டணத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வேலை படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தேன். பதுளைக்கு ரயில் வந்த புதிது அது. எனக்கு அப்போது சின்ன வயதுதான், வாய் மட்டும் கிழவி வாய்.

வந்த முதல் வாரமே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. காரணம், அவர் யாரையும் தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் நிற்பார். நோயாளிகள் கீழே முற்றத்தில் நிற்பார்கள். "இமையை இழுத்துக் காட்டு. நாக்கை நீட்டு. நகத்தைத் திருப்பு" என்பார். நாடி பார்ப்பது, வயிற்றை அமுக்குவது, கட்டியைக் கீறுவது எல்லாம் என் வேலை. நான் பார்த்துச் சொல்ல, அவர் மருந்தைச் சொல்வார். இமையின் உட்புறம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்து, இது கொக்கிப் புழுவின் சோகை, இது மலேரியா, இது வெறும் பட்டினி என்று பிரித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அது வேறு எனக்குக் கோபத்தைக் கூட்டியது.

அவர் உசந்த சாதி, அதனால் தொடமாட்டார் என்று ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். சரி, அதில் அவர்களுக்கு வருத்தமாவது உண்டா? கிடையாது. கொழுந்து பறிக்கிற அங்கம்மா என்னிடம் பெருமையாகவே சொன்னாள்: "எங்க ஐயா எட்ட நின்னே நோவைக் கண்டுபிடிச்சிருவாருங்க. பக்கத்துத் தோட்டத்து டாக்டரு கையைப் புடிச்சுப் பாத்தும் ஒண்ணும் புடிபடாம முழிக்கிறாராம்."  வியாதிக்காரனைத் தொடக் கூசுகிறவன் எதற்கு இந்த வேலைக்கு வரவேண்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன். வேளைக்குக் குளித்துத் திருநீறு பூசி, முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டுக்கொண்டு நிற்கிற அவரைப் பார்க்கவே எனக்கு ஆகாது.

விடிவதற்கு முன்னால் தப்பு மேளம் அடிப்பார்கள். அன்றைய வேலைக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அதுதான் அழைப்பு. வேலைக்குப் போக முடியாதவர்கள் அதற்கு முன்பே டிஸ்பென்சரிக்கு வந்து அவருடைய வாயால் 'முடியாது' என்று வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஆட்கள் வரும்வரை நானும் அவரும் இருட்டில் காத்திருப்போம். நான் கருவிகளை வேகவைக்கிற கரியடுப்பின் பக்கத்தில் குந்திக்கொள்வேன். அவர் முற்றத்தின் ஓரத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார். இங்கிலாந்துக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் விட்டுச்சென்ற ஆங்கிலப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது, நட்சத்திரங்களைப் பற்றி. வேறு எதைப் பற்றியும் வாயைத் திறக்காதவர், இதைப் பற்றி மட்டும் கேட்காமலே பேசுவார்.

"செவப்புன்னா சூடுன்னு நெனைக்கிறோம், தப்பு" என்றார் ஒருநாள். "கொல்லன் பட்டறையில பாருங்க. இரும்பு மொதல்ல செவக்கும், அப்புறம் மஞ்சளாகும், கடைசியிலதான் வெளுக்கும். நட்சத்திரமும் அப்படித்தான். நீலமா வெள்ளையா இருக்கே, அதுதான் கொதிக்கிறது. செவப்பா இருக்கிறது சூடு கொறஞ்சது."

"அவ்வளவு தூரம் போய் யாருங்கய்யா தொட்டுப் பாத்தது?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"தொட வேணாம்மா. அதுதான் விசயமே. வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தாப் போதும். சூடு எவ்வளவு, உள்ளே என்ன இருக்கு, எல்லாம் தெரிஞ்சுரும். தொடாமலே தெரிஞ்சுரும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்கு விளங்கவில்லை. சாதித் திமிருக்கு வானத்திலிருந்து சாட்சி கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

நட்சத்திரங்களை வகை பிரித்து ஆங்கில எழுத்துகளால் பெயர் வைத்திருக்கிறார்களாம். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். சூடு கூடியதிலிருந்து குறைந்தது வரை. நம்முடைய சூரியன் ஜி, நடுத்தரம். ஃபேக்டரியில் தேயிலையைச் சலித்துத் தரம் பிரித்து எழுத்துப் போடுகிற மாதிரியா என்று கேட்டேன். அதே மாதிரிதான், ஆனால் இங்கே சலிக்கிறவனுக்குச் சரக்கு கைக்கு வராது என்றார்.

பிறகு மலையைக் காட்டினார். அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்தின் விளக்குகள் எல்லாம் எரியத் தொடங்கியிருக்கும். மேலே உச்சியில் பெரிய துரையின் பங்களாவில் காஸ் விளக்கு, கண் கூசுகிற வெள்ளை. அதற்குக் கீழே கிளார்க்கர், மலைவேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் வீடுகளில் மஞ்சளாக மண்ணெண்ணெய் விளக்கு. அடியில் சரிவு முழுக்க லயங்கள், ஒவ்வொரு காம்பிரா அறையிலும் மங்கலான சிவப்பு அடுப்பு. "இதைப் படமா வரைஞ்சா அதுதான் அந்தப் புத்தகத்தில இருக்கிற படம்" என்றார். சூட்டையும் பிரகாசத்தையும் வைத்து நட்சத்திரங்களை ஒரு தாளில் புள்ளி வைத்தால், பெரும்பாலானவை இந்த மலைச்சரிவு மாதிரி ஒரே சாய்ந்த வரிசையில் வந்து நின்றுவிடுமாம். மேலே வெள்ளையாகப் பிரகாசமானவை, கொஞ்சம்தான். கீழே சிவந்து மங்கியவை, எண்ணிக்கையில் அவைதான் அதிகம். முதன்மை வரிசை என்று இப்போது என் பேத்தியின் பாடப்புத்தகம் அதற்குப் பெயர் சொல்கிறது. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை எடைதான் தீர்மானிக்குமாம். கனத்தது மேலே, இலேசானது கீழே.

"மேலே இருக்கிறது தாட்பூட்டுன்னு எரிச்சுச் சீக்கிரம் தீந்துரும். அடியில செவப்பா இருக்கிறது சிக்கனம். அதுக்குத்தான் ஆயுசு ஜாஸ்தி."

"இங்கே அப்படி இல்லீங்களே. இந்த மாசம் பங்களாவில யாரும் சாகல. லயத்தில மூணு பொதைச்சாச்சு."

அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார். பிறகு, வரிசையில் நிற்கிற சிவப்பு நட்சத்திரம் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல் என்றார். நாம் பார்க்கிற திருவாதிரையும் கேட்டையும் சிவப்புதானே என்று கேட்டேன். அவை வரிசையில் சேராதவை, நிறத்தில் ஆறியிருந்தாலும் உடம்பு பெருத்துப்போனதால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்து கரியடுப்பின் மேல் கையை ஊன்றினார்.

சுவரென்று நினைத்து ஊன்றியிருக்கிறார். அடுப்பின் இரும்பு விளிம்பு சூடேறிக் கிடந்தது. அவர் அண்ணாந்து பார்த்தபடி கேட்டை நட்சத்திரம் எவ்வளவு பெரியது என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் நாற்றம்தான் வந்தது, தோல் கருகுகிற நாற்றம். நான் கூச்சல் போட்டு அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்து கையைப் பார்த்தார். முகத்தில் வலி இல்லை. மாட்டிக்கொண்டவனின் பயம் மட்டும்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் படித்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தொழுநோய், பெருவியாதி. சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல், ஓரம் தடித்திருந்தது.

"சுண்டுவிரல்ல ஆரம்பிச்சுது. இப்ப ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் செத்துப்போச்சு. தொட்டா ஒட்டிக்குமோன்னு பயந்துதாம்மா நான் யாரையும் தொடுறதில்ல. சாதின்னு அவங்களாவே நெனைச்சுக்கிட்டாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். சாதின்னு சொன்னா யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க."

அப்போதெல்லாம் அந்த நோய் வெளியே தெரிந்தால் சர்க்கார் விடாது. கொழும்புப் பக்கம் கடலோரத்தில் இருக்கிற பெருவியாதி ஆஸ்பத்திரிக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். உள்ளே போனவர்கள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. "நான் சாகப் பயப்படல" என்றார் அவர். "ஒரு கதவைச் சாத்தி, இனிமே நீ இதுக்குள்ளேதான்னு சொல்லுவாங்க பாருங்க, அதுக்குத்தான் பயம்." நான் யாரிடமும் சொல்லவில்லை. பயமில்லாமல் இல்லை. கார்பாலிக் சோப்புப் போட்டுத் தோல் உரியக் கை கழுவினேன், இராத்திரி முழங்காலில் நின்று செபம் சொன்னேன். ஆனால் அவர் யாரையும் தொடுவதில்லை, தொடுகிற வேலை எல்லாம் என்னுடையது. அந்த ஏற்பாட்டில் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

தேநீர் எதற்கு ஆறவேண்டும் என்பது அதற்குப் பிறகு எனக்குப் புரிந்தது. கரி, இரும்பு, விளக்குத் திரி, நட்சத்திரம், இவற்றின் சூட்டை நிறமே சொல்லிவிடும். கோப்பையில் இருக்கிற தேநீருக்கு அப்படி ஒரு நிறம் கிடையாது. சூட்டை விரல் சொல்லாத மனிதர் கண்ணால் சூடு பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவரைப் பார்த்து நான் குத்தலாகப் பேசுவதும் நின்றுபோனது.

அங்கம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது ஒரு மழைநாள் நடுப்பகலில். ஆட்கள் எல்லோரும் மேல்மலையில் கொழுந்துக்குப் போயிருந்தார்கள், அவள் புருஷனைத் தவிர லயம் காலி. பிள்ளை பிறந்தது, அழவில்லை. உடம்பு நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. அதே நேரம் தாய்க்கு இரத்தம் அடங்காமல் போகத் தொடங்கியது. நான் இரண்டு கையாலும் அவளுடைய அடிவயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கையை எடுத்தால் அவள் போய்விடுவாள். அவள் புருஷன் வேலு ஓடிப்போய் டாக்டர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் காம்பிராவுக்குள் வந்தார். வேலு வாசலிலேயே நின்றுகொண்டான். பிள்ளை பெற்ற அறைக்குள் ஆம்பளை நுழையக் கூடாது, தீட்டு.

அந்த நாளில் மூச்சுவிடாத பிள்ளையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்துவரை பிடித்து முதுகைத் தேய்ப்பார்கள். அடுப்பில் கொதித்த தண்ணீரை அவர் பேசின் பாத்திரத்தில் ஊற்றிப் பச்சைத் தண்ணீரைக் கலந்தார். ஆவி பறந்தது. அந்தக் குளிரில் வெதுவெதுப்பிலும் ஆவி பறக்கும், கொதித்தாலும் பறக்கும். அவர் பேசினைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். வழுக்குகிற பச்சைப்பிள்ளை கையில் நிற்கிறதா நழுவுகிறதா என்பதுகூட அந்த விரல்களுக்குத் தெரியாது.

"வேலு, உள்ள வா. புள்ளையத் தூக்கு" என்றார்.

"நான் எப்பிடிங்கய்யா உள்ள வர்றது? நீங்களே தூக்குங்க சாமி."

"வாடான்னா வா! நேரமில்ல!"

வேலு வாசற்படிக்கு வெளியே சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவனுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். "சாமி, எங்க சாதியப் பாக்காதீங்க சாமி! இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் தொடுங்க! தலையில தண்ணி ஊத்திக்கிட்டாச் சரியாப் போயிரும் சாமி! அது மூச்சுவிடலியே!"

அவர் என்னைப் பார்த்தார். நான் அங்கம்மாவின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.  அப்படியே நின்றிருக்கலாம் அவர். ஒரு தோட்டத்துப் பிள்ளை செத்துப் பிறந்தது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

"சாதி இல்லப்பா" என்றார். சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டார். "பெருவியாதி. என் கையில உசுரு இல்ல. தண்ணி சுடுதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. நீ வந்து பாரு."

வேலு உள்ளே பாய்ந்தான். அவர் சொன்னதற்காகப் பாய்ந்தானா, பிள்ளையை அவரிடமிருந்து மறைக்கப் பாய்ந்தானா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று சொல்வேன். அவன் கண்ணை நான் பார்த்தேன். பேசினில் கைவைத்தவன் வெடுக்கென்று எடுத்தான். "கொதிக்குது!" என்றான். பச்சைத் தண்ணீரை இன்னும் ஊற்றிப் பிள்ளையை இறக்கினான். அவர் சுவரோடு ஒட்டி நின்று, எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே தேய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீலம் போய், சாம்பல் போய், உதடு சிவந்தது. பிள்ளை வீரிட்டது. தாயும் பிழைத்தாள்.

அன்று சாயங்காலம் பெரட்டுக்களத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணியிடம் விஷயத்தைச் சொன்னது வேலுதான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பெற்றவன் பயம் அது. ஆனால் மற்றவர்கள் மேல் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சாதிக்காகத் தொடாமல் இருக்கிறார் என்று நம்பியபோது கும்பிட்டவர்கள், தங்களுக்கு நோய் வரக்கூடாதென்று தொடாமல் இருந்தார் என்று தெரிந்ததும் டிஸ்பென்சரிக் கூரையில் கல் எறிந்தார்கள். அவர் உட்காரும் பெஞ்சை எரித்தார்கள். அந்தப் பிள்ளையையும் கொஞ்ச நாளைக்கு யாரும் தூக்கவில்லை.

அவரைக் கொண்டுபோகப் பதுளையிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்தார். எந்த வண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்காததால் மலையிறக்கத்தில் நடந்தே போனார்கள், கான்ஸ்டபிள் வெகு முன்னால், இவர் பின்னால். நான் ரோட்டோரம் ஓடினேன்.

"கிட்ட வராதீங்கம்மா, அங்கேயே நில்லுங்க" என்று சத்தம் போட்டார். நின்றேன். "கொயினா மாத்திரை அலமாரிச் சாவி மேசை டிராயர்ல இருக்கு. சுடுதண்ணியில போட்டு எடுங்க."

"சரிங்கய்யா."

"அங்கம்மாவுக்கு இரும்பு மருந்தை நிறுத்திராதீங்க."

"சரிங்கய்யா."

 ரோடு வளைகிற இடத்தில் மறைந்துபோனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் எனக்கு வரவில்லை.

அவரோடு வேலை செய்தவள் என்பதால் என்னையும் சோதிக்க வேண்டும் என்று பெரிய துரை உத்தரவு போட்டார். பதுளை ஆஸ்பத்திரியில் வயசான டாக்டர் ஒருவர் என்னை முக்காலியில் உட்காரவைத்து, கையில் ஓர் ஊசியை எடுத்தார். "கண்ணை மூடிக்கோம்மா. குத்துறப்போ எந்த விரல்னு சொல்லு" என்றார்.  கட்டைவிரல் என்றேன். மோதிரவிரல் என்றேன். சுண்டுவிரலில் குத்தியபோது சுரீரென்று தலைவரை ஏறியது. ஐயோ என்று கத்திவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். ஒரு வலிக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.

"ஒண்ணுமில்ல, தைரியமாப் போம்மா" என்றார் டாக்டர்.

வராந்தாவில் வந்து உட்கார்ந்து விரல்களைப் பார்த்தேன். நுனியில் பொட்டுப் பொட்டாக இரத்தம். இந்தச் சோதனை அவருக்கும் தெரிந்திருக்கும், மருந்துக்காரர் அல்லவா. ஆனால் யாரிடம் போய்க் குத்தச் சொல்வார்? குவார்ட்டர்ஸின் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கையில் ஊசியை வைத்து மறு கையைத் தானே குத்திப் பார்த்திருப்பார். தன்னைத் தானே குத்திக்கொள்கிறவருக்கு எப்போது குத்துகிறோம் என்பது தெரியும். குத்திவிட்டு, வலிக்கும், இதோ இப்போது வலிக்கும் என்று உட்கார்ந்து காத்திருந்திருப்பார். கல் எறிந்தபோதும், ரோட்டில் நடத்திக்கொண்டு போனபோதும் அழாத நான், அந்தக் காத்திருப்பை நினைத்து அங்கேயே அழுதேன்.